ஷிமோநதா: ஊழியரே இல்லாத நிலையத்தில் எப்படி இறங்குவது, எப்படி ஏறுவது?

கோபேவாசி:

வணக்கம் நண்பர்களே. நான் கோபேக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அடுத்த மாதம், அக்டோபர் கடைசியில், அம்மா வருகிறார்கள், பத்து நாள் இருப்பார்கள். கியோட்டோ, ஒசாகா என்று கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு அலைய எனக்கு மனமில்லை, அவர்களும் போனிலேயே சொல்லிவிட்டார்கள், "கடல் தெரியுற மாதிரி ஒரு இடத்துல அமைதியா உட்கார்ந்தா போதும்டா" என்று. அதைக் கேட்டதிலிருந்து ஒரே இடம்தான் மனதில் நிற்கிறது. ஷிகோகுத் தீவில், எஹிமே மாகாணத்தில் இருக்கும் ஷிமோநதா ரயில் நிலையம். ஒரே ஒரு நடைமேடை, அதன் மேல் சின்னதாக ஒரு கூரை, கூரைக்குக் கீழே பெஞ்சு, எதிரே முழுக்கக் கடல். படத்தில் பார்த்த நாளிலிருந்தே போக வேண்டும் என்று இருக்கிறேன்.

ஆனால் அங்கே ஊழியர் யாரும் கிடையாது என்கிறார்கள். டிக்கெட் கவுன்ட்டர் இல்லை, தானியங்கிக் கதவு இல்லை, கேட்க ஆளும் இல்லை. அப்படியென்றால் திரும்பி வரும்போது டிக்கெட் எங்கே எடுப்பது, ரயிலில் ஏறிவிட்டுப் பிறகு கட்டலாமா, அது தப்பாகிவிடுமா, ரயிலுக்குக் கட்டணம் கட்ட நான் வைத்திருக்கும் இகோகா கார்டு வேலை செய்யுமா? என் ஜப்பானிய மொழி கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு, படி ஏற நேரமாகும். போனவர்கள் யாராவது ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தண்டவாளம்:

தாராளமாகப் போகலாம், பயப்பட ஒன்றும் இல்லை. முறையைத் தெரிந்துகொண்டால் போதும். இந்த மாதிரி நிலையத்தை ஜப்பானியர்கள் முஜின் எகி என்பார்கள், ஆளில்லா நிலையம். அந்த வழியில் ஓடும் உள்ளூர் வண்டி பெரும்பாலும் 'வான்மான்' வண்டி, அதாவது ஒரே ஆள் ஓட்டுவது. ஓட்டுநர்தான் கண்டக்டர், அவர்தான் டிக்கெட் வாங்குபவர். நிலையத்தில் செய்ய வேண்டியதெல்லாம் வண்டிக்குள் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஹிமேயின் தலைநகரான மட்சுயாமாவில்தான் வண்டி ஏறுவீர்கள், அங்கே ஊழியர் இருக்கிறார்கள், அங்கேயே ஷிமோநதாவுக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள், ஆளுக்குச் சில நூறு யென்தான். இறங்கும்போது முன்வாசல் வழியாக வந்து ஓட்டுநரிடம் அதைக் காட்டி பெட்டியில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். திரும்பி வரும்போதுதான் கவனம் தேவை. பின்வாசல் வழியாக ஏறுங்கள். ஏறிய உடனே கையருகே ஒரு சின்ன இயந்திரம் இருக்கும், அதிலிருந்து விரல் அளவுக்கு ஒரு துண்டுச் சீட்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதில் ஒரு எண் அச்சடித்திருக்கும். அதன் பெயர் செய்ரிகென். ஆளுக்கு ஒன்று இழுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் எங்கே ஏறினீர்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு கட்டணப் பலகை இருக்கும், எண் 1, 2, 3 என்று கட்டம் கட்டமாக, ஒவ்வொரு நிலையம் தாண்டும்போதும் ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே இருக்கும் தொகை ஏறிக்கொண்டே போகும். உங்கள் சீட்டில் உள்ள எண்ணுக்குக் கீழே என்ன தொகை காட்டுகிறதோ அதுதான் கட்டணம். நீங்கள் மட்சுயாமாவில் இறங்குவதால் சீட்டை நிலைய ஊழியரிடம் கொடுத்துக் காசு கட்டலாம், வழியில் வேறு ஆளில்லா நிலையத்தில் இறங்கினால்தான் வண்டிக்குள்ளேயே பெட்டியில் போட வேண்டும்.

கார்டு வேலை செய்யாது, ரொக்கம்தான். பெட்டியோடு சில்லறை மாற்றும் இயந்திரம் இருக்கும், ஆனால் அது வழக்கமாக 1,000 யென் நோட்டையும் நாணயங்களையும் மட்டும்தான் வாங்கும். 5,000, 10,000 நோட்டை நீட்டினால் ஓட்டுநர் என்னதான் செய்வார் பாவம், பின்னால் வண்டியே காத்துக்கிடக்கும். அப்புறம் 2021-இல் வந்த புது 500 யென் நாணயத்தையும் 2024 ஜூலையில் வந்த புது நோட்டுகளையும் பழைய இயந்திரங்கள் சில துப்பிவிடும். அதனால் 100, 50, 10 யென் நாணயங்களாக ஒரு பை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். கட்டணப் பெட்டி மீதியைத் திருப்பித் தராது. முதலில் மாற்றிக்கொண்டு, பிறகு சரியான தொகையைப் போட வேண்டும். பலர் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து முழுக் காசையும் உள்ளே போட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, இது எனக்கே நடந்தது. வேறொரு பகுதியில் இரண்டு பெட்டி வண்டியில் பின்பெட்டியில் உட்கார்ந்திருந்தேன், இறங்க வேண்டிய நிலையம் வந்தது, வண்டி நின்றது, என் கதவு திறக்கவே இல்லை. ஆளில்லா நிலையங்களில் முதல் பெட்டியின் கதவுகள் மட்டும் திறக்கும் என்ற விஷயம் அப்போது எனக்குத் தெரியாது. நான் முன்னால் ஓடி வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது, அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர் வண்டிக்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். ஆகவே அம்மாவோடு முதல் பெட்டியில், ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மட்சுயாமாக்காரி:

நான் இந்த ஊரில் ஆறு வருடமாக இருக்கிறேன், ஷிமோநதாவுக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொல்லவில்லை: வண்டியைத் தப்பாகப் பிடித்துவிடாதீர்கள்.

ஷிமோநதா இருக்கும் யோசான் ரயில் பாதை முகாய்பரா என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கடலோரமாக இயோ நாகஹாமா வழியாகப் போகிறது, அதுதான் பழைய பாதை. இன்னொன்று மலைக்குள் சுரங்கம் குடைந்து உச்சிகோ வழியாகப் போகிறது, 1986-இல் திறந்தது. இரண்டும் இயோ ஓசுவில் மறுபடி சேர்ந்துவிடும். உவாகாய் விரைவு வண்டி மலைப் பாதையில்தான் போகும், உள்ளூர் வண்டிகளிலும் பாதி அந்தப் பக்கம்தான். இயோ ஓசு போகிறது என்று பலகையில் பார்த்து ஏறினால் கடலையே பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். நாகஹாமா வழியா என்று கேட்டு ஏறுங்கள். மட்சுயாமாவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

விரைவு வண்டிகள் அந்தப் பக்கம் போனதால்தான் இந்தக் கடலோரப் பாதை இவ்வளவு அமைதியாகக் கிடக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டி, சில வேளைகளில் மூன்று மணி நேரம்கூட ஆகும். எனவே போகும் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் திரும்பும் வண்டியைப் பாருங்கள். கைப்பேசியில் அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காகிதத்திலும் எழுதி அம்மா கைப்பையில் வையுங்கள். அக்டோபர் கடைசி என்றால் சூரியன் 5.20 வாக்கில் விழும், அதை ஒட்டி வண்டி இருக்கிறதா என்று பார்த்துத் திட்டம் போடுங்கள்.

இந்தப் பாதையில் ஓடும் பழைய ஒற்றை டீசல் பெட்டிகளில் கழிவறை கிடையாது. மட்சுயாமாவிலேயே போய்விட்டு ஏறச் சொல்லுங்கள். வாசலில் ஒரு படியும் உண்டு, கைப்பிடி இருக்கிறது, நீங்கள் முதலில் ஏறி மேலிருந்து கைகொடுத்தால் போதும், ஓட்டுநர் வயதானவர்களுக்காகக் காத்திருப்பார், அவசரப்படுத்த மாட்டார். தண்ணீர், சாப்பாடு, ஒரு மெல்லிய கம்பளி மூன்றும் கையில் இருக்கட்டும், காற்று வீச ஆரம்பித்தால் அக்டோபரிலும் குளிரும்.

நிலையத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்குச் சொல்லலாம். 1935-இல் திறந்தது. ஒரு காலத்தில் கடலுக்கு மிக அருகே இருக்கும் நிலையம் என்று பெயர், அலை வந்து கிட்டத்தட்ட நடைமேடைக்குக் கீழேயே மோதுமாம். பிறகு கரையை மேடாக்கி 378-ஆம் எண் நெடுஞ்சாலை போட்டார்கள், இப்போது கடலுக்கும் நடைமேடைக்கும் நடுவில் அந்தச் சாலை இருக்கிறது. ஆனால் நடைமேடை உயரத்தில் இருப்பதால் பெஞ்சில் உட்கார்ந்தால் சாலை கண்ணில் படாது, நேரே தண்ணீர்தான். செய்ஷுன் 18 என்ற மலிவுச் சீட்டின் விளம்பரத் தட்டியில் 1998 முதல் 2000 வரை மூன்று முறை இந்த நிலையத்தின் படம் வந்தது, அதற்குப் பிறகுதான் நாடு முழுவதும் பேர் பரவியது. இப்போது பயணிகளைவிடக் காரில் வந்து படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். நல்ல வெயில் நாளில், சாயங்காலம் பெஞ்சுக்கு வரிசையே நிற்கும். முழு அமைதி வேண்டும் என்றால் வார நாளில் போங்கள்.

வார இறுதியில்தான் முடியும் என்றால் இயோநதா மோனோகதாரி என்று ஒரு சுற்றுலா வண்டி இருக்கிறது, முழுக்க முன்பதிவு, ஷிமோநதாவில் சில நிமிடம் நிறுத்துவார்கள். அம்மா முழங்காலுக்கு அது வசதி. ஆனால் அந்தச் சில நிமிடத்தில் எல்லோரும் ஒரே பெஞ்சைச் சுற்றி நிற்பார்கள். நீங்கள் கேட்டது உட்கார்ந்து கடல் பார்க்கும் இடம், அதனால் என் ஓட்டு சாதாரண வண்டிக்குத்தான்.

கோபேவாசி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கழிவறை விஷயமும் இரண்டு பாதை விஷயமும் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. வார நாளில் விடுப்புக் கேட்டுவிட்டேன்.

செய்ஷுன் 18 சீட்டு எடுத்தால் லாபமா? அப்புறம் இன்னொரு சந்தேகம். இவ்வளவு ஒழுங்காக ரயில் விடும் நாட்டில் ஏன் நிலையத்துக்கு ஓர் ஆள் வைக்க முடியவில்லை? ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஹொக்கைடோவில் ஒரு நிலையத்தையே திறந்து வைத்திருந்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் எத்தனையோ தடவை வந்திருக்கிறது, அம்மாவே எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது உண்மையா?

பழைய சிக்னல்:

சீட்டுக்கு முதலில் பதில்: வேண்டாம். முன்பு ஐந்து நாளை விருப்பப்படி பிரித்துப் பயன்படுத்தலாம், 2024 குளிர்காலத்திலிருந்து விதி மாறிவிட்டது. தொடர்ந்து மூன்று நாள் 10,000 யென், தொடர்ந்து ஐந்து நாள் 12,050 யென், ஒருவர் மட்டும்தான். விரைவு வண்டியில் செல்லாது, விடுமுறைப் பருவங்களில் மட்டும்தான் கிடைக்கும், அக்டோபர் கடைசியில் கிடையவே கிடையாது. கோபேயிலிருந்து ஒகயாமா வரை ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில், அங்கிருந்து ஷியோகாசே விரைவு வண்டியில் மட்சுயாமா, ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம். 1988-இல் திறந்த செத்தோ பெரும்பாலத்தின் மேல் போகும்போது கீழே உள்நாட்டுக் கடலும் குட்டித் தீவுகளும் தெரியும், அம்மாவுக்கு ஜன்னலோரம் கொடுங்கள்.

ஆள் ஏன் இல்லை என்பது நல்ல கேள்வி. பழைய காலத்தில் சின்ன நிலையத்திலும் ஆள் இல்லாமல் ரயில் ஓட்டவே முடியாது, காரணம் டிக்கெட் மட்டும் இல்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டி நேருக்கு நேர் வந்துவிடக் கூடாது அல்லவா, அதற்காக 'டேப்லெட்' என்று ஓர் உலோக வட்டு வைத்திருந்தார்கள். அதைப் பெரிய வளையத்தில் மாட்டி நிலைய அதிகாரி ஓட்டுநர் கையில் கொடுப்பார், அது கையில் இருந்தால்தான் அடுத்த பகுதிக்குள் நுழையலாம். இதோடு சரக்கு, பார்சல், சிக்னல், பாயின்ட் மாற்றுவது என்று அந்தச் சிறு கட்டடத்தில் நாள் முழுக்க வேலை இருந்தது. பிறகு தொலைவில் ஒரே அறையிலிருந்து முழுப் பாதையின் சிக்னலையும் இயக்கும் முறை வந்தது, டேப்லெட்டுக்கு வேலை இல்லை. சரக்கும் பார்சலும் லாரிக்குப் போய்விட்டன. ஊரில் வீட்டுக்கு வீடு கார் வந்தது. இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள். கடைசியில் மிச்சம் இருந்தது பள்ளி மாணவர்களும் மருத்துவமனைக்குப் போகும் முதியவர்களும்தான். தேசிய ரயில்வே ஏறக்குறைய 37 லட்சம் கோடி யென் கடனோடு 1987 ஏப்ரலில் பிரித்துத் தனியார்மயம் ஆனது. அந்தக் கடன் சுமைக்கு நடுவில் இந்த மாதிரி நிலையங்களில் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க முடியவில்லை. 2020 மார்ச் முடிவில் ஜப்பானில் இருந்த சுமார் 9,500 நிலையங்களில் கிட்டத்தட்ட பாதி ஆளில்லாதவை. சில இடங்களில் ஊர்க்காரர் ஒருவரோ பக்கத்துக் கடையோ ஒப்பந்தத்தில் டிக்கெட் மட்டும் விற்பார்கள்.

ஆனால் ஆளில்லாத நிலையம் என்றால் கைவிட்ட நிலையம் என்று நினைத்துவிடாதீர்கள், இதை நான் அழுத்தியே சொல்கிறேன். காத்திருப்பு அறைக்குள் போய்ப் பாருங்கள். மர பெஞ்சில் யாரோ தைத்துப் போட்ட மெத்தை இருக்கும், மூலையில் துடைப்பம் சாய்ந்திருக்கும், பல இடங்களில் வந்தவர்கள் எழுதிவிட்டுப் போக ஒரு நோட்டுப் புத்தகமும் கயிற்றில் கட்டிய பேனாவும் இருக்கும். இதெல்லாம் ரயில்வே செய்வது இல்லை, பெரும்பாலும் அந்த ஊர் மக்கள் செய்வது. பேனா தீர்ந்தால் யாரோ மாற்றி வைக்கிறார்கள். அதனால்தான் குப்பையைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள் என்று எல்லோரும் சொல்வது. படத்துக்காகத் தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள், அது மிகவும் தப்பு.

மாணவி கதை: பாதி உண்மை, பாதி சேர்த்துக்கொண்டது. 2016 ஜனவரியில் உலகம் முழுக்கப் பரவியது. அதில் சொன்ன நிலையம் காமி ஷிராதாகி, ஆனால் அந்த மாணவி ஏறியது அதே செகிஹொக்கு பாதையில் இருந்த கியூ ஷிராதாகி நிலையத்தில். அவருக்காக மட்டும் ரயில் விட்டார்கள் என்பதும் சரியில்லை, அந்த வண்டி மற்ற ஊர்களிலும் நின்று வேறு மாணவர்களையும் ஏற்றிக்கொண்டுதான் போனது. இரண்டு நிலையங்களும் ஷிமோ ஷிராதாகியும் ஒரே நாளில், 2016 மார்ச் 26 அன்று, அட்டவணை மாற்றத்தோடு மூடப்பட்டன. அந்த மார்ச்சில் அவர் பள்ளிப் படிப்பை முடித்தார் என்பது உண்மை. பள்ளிக்கூட நேரத்தைப் பார்த்து அட்டவணை போடுவது இந்தப் பாதைகளில் வழக்கமான ஒன்று. ஒரு பிள்ளைக்காக என்று சொல்லும்போது கதை இனிக்கிறது, ஆனால் நாடு முழுக்கத் தினமும் காலையில் நடக்கும் அந்தச் சாதாரண விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வாசற்படி:

எல்லோரும் அழகைப் பற்றியே பேசுவதால் ஒரு வார்த்தை. என் மனைவி சக்கர நாற்காலியில் இருக்கிறார், நாங்கள் ஜப்பானில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். ஊழியர் இருந்த நிலையத்தில் சாய்பலகை கொண்டுவந்து போடுவார்கள், அரை நிமிட வேலை. ஆளில்லாத நிலையம் என்றால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்ல வேண்டும், வேறு நிலையத்திலிருந்து ஆள் வர வேண்டும், "இன்றைக்கு முடியாது, நாளைக்கு வருகிறீர்களா" என்ற பதிலையும் கேட்டிருக்கிறோம். நினைத்த நேரத்தில் நினைத்த வண்டியில் போவது மற்றவர்களுக்குச் சாதாரணம், எங்களுக்கு அது அனுமதி வாங்கிச் செய்யும் காரியம். ஓய்தா மாகாணத்தில் 2020-இல் மாற்றுத்திறனாளிகள் இதற்காக நீதிமன்றமே போனார்கள். 2022-இல் ஆளில்லா நிலையங்களுக்கு என்று அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எனவே கோபேவாசி, அம்மாவுக்கு வலி அதிகமாக இருக்கும் நாளாகப் பட்டால் முதல் நாளே மட்சுயாமா நிலையத்தில் கேட்டுவிடுங்கள், ஓட்டுநருக்குச் சொல்லி வைப்பார்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

கோபேவாசி:

போய்விட்டு வந்துவிட்டோம்! முந்தாநாள், புதன்கிழமை.

வாசற்படி அண்ணன் சொன்னபடி முதல் நாளே மட்சுயாமாவில் கேட்டேன், கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன், ஊழியர் அட்டவணையில் எங்கள் வண்டியைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தார். ஒரே பெட்டிதான். முன்னால் உட்கார்ந்தோம். ஓட்டுநர் ஒவ்வொரு சிக்னலையும் வெள்ளைக் கையுறை விரலால் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினார், அம்மா கடலை விட்டுவிட்டு அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், "தனியா இருந்தாலும் யாருக்கோ சொல்றார் பாரு" என்றார்கள். இறங்கும்போது படியில் கொஞ்சம் தடுமாறினார்கள், ஓட்டுநர் எழுந்து வந்து, கதவோரம் ஒரு கையை நீட்டி வைத்துக்கொண்டு நின்றார். பிடிக்கச் சொல்லவில்லை, சும்மா நீட்டி மட்டும் வைத்திருந்தார். அம்மா பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

சூரியனைப் பார்க்க முடியவில்லை, மேகம். கடல் ஈய நிறத்தில் இருந்தது. பெஞ்சில் எங்களைத் தவிர இரண்டு பேர்தான், அவர்களும் அரை மணி நேரத்தில் காரில் போய்விட்டார்கள். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் நானும் அம்மாவும் மட்டும். அம்மா சிறு வயதில் நடந்ததை எல்லாம் பேச ஆரம்பித்தார்கள், என் தாத்தாவைப் பற்றி நான் கேட்டே இராத விஷயங்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பேசியிருப்பார்களா தெரியாது. ஐந்தரைக்கு மேல் நிலைய விளக்கு தானாக எரிந்தது, கடல் கறுத்துவிட்டது, காற்று ஏறியது, கம்பளி இருந்ததால் சமாளித்தோம் (மட்சுயாமாக்காரி அக்காவுக்கு நன்றி). தூரத்தில் வண்டியின் விளக்கு முதலில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது, சத்தம் வர ரொம்ப நேரம் ஆனது.

சீட்டு இழுத்தோம், இரண்டிலும் ஒரே எண். அம்மா அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்கள், நினைவுக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள், கொடுக்க வேண்டும் அம்மா என்றேன். மட்சுயாமாவில் கொடுத்துவிட்டோம்.

அம்மா இன்னும் ஐந்து நாள் இருப்பார்கள். இதே மாதிரி இன்னொரு நிலையம், கோபேயிலிருந்து ஒரே நாளில் போய் வரும்படி, படி அதிகம் இல்லாமல் ஏதாவது இருக்கிறதா? கும்மா மாகாணத்தில் தோவாய் என்று ஒன்றைப் பற்றிப் படித்தேன், சுரங்கத்துக்குள் நடைமேடை இருக்கிறதாம்.

தண்டவாளம்:

படித்தேன், மனசு நிறைந்துவிட்டது.

தோவாய் வேண்டவே வேண்டாம். அந்தச் சுரங்க நடைமேடையிலிருந்து மேலே வர 462 படி, அதோடு முடியாமல் வாசலுக்கு இன்னும் 24 படி, லிஃப்ட் கிடையாது. அதற்கு நீங்கள் தனியாகப் போங்கள்.

அம்மாவோடு என்றால் வகயாமாவில் கிஷி நிலையம். வகயாமா நிலையத்திலிருந்து கிஷிகாவா பாதையில் 14.3 கிலோமீட்டர், அரை மணி நேரம், அதுதான் கடைசி நிலையம். அதையும் 2006-இல் ஆளில்லா நிலையமாக்கினார்கள். அங்கே கடைக்காரர் வளர்த்த தாமா என்ற பூனையை 2007 ஜனவரியில் நிலைய அதிகாரியாக நியமித்தார்கள், தொப்பியெல்லாம் போட்டு. மூடப்போகிறார்கள் என்று பேச்சு இருந்த பாதை அது, அந்தப் பூனையைப் பார்க்கவே மக்கள் வந்தார்கள். 2015-இல் தாமா இறந்துவிட்டது, நடைமேடையிலேயே அதற்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. நிலையக் கட்டடத்தின் கூரையே பூனை முகம் மாதிரி, இரண்டு காதோடு கட்டியிருக்கிறார்கள். தாமாவுக்குப் பிறகும் பூனைகள் அந்தப் பதவியில் இருந்து வருகின்றன. அவற்றுக்கும் வார விடுமுறை உண்டு, எந்த நாள் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.